ஆடிக்காற்றில் மாடித்தோட்டப் பழமரங்கள் சாயாமல் இருக்க எப்படி முட்டுக் கொடுப்பது?

மாடியில் டிரம்மில் வைத்த மாதுளையும் கொய்யாவும் ஐந்தடி வளர்ந்துவிட்டன, காற்று தொடங்கியதும் சாய்கின்றன, எவ்வளவு கனமான குச்சி நட வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். குச்சிக்குப் பிறகு வருகிறேன். முதலில் அடித்தண்டைப் பிடித்து மெல்ல ஆட்டிப் பாருங்கள். தண்டைச் சுற்றி மண் வெடித்து விலகினால் வேர் இன்னும் பிடிக்கவில்லை. மண் அசையாமல் டிரம்மின் ஒரு ஓரம் தூக்கினால் மரத்தில் குறையே இல்லை, தொட்டிதான் நிற்கவில்லை. பெரும்பாலும் இரண்டாவதாகத்தான் இருக்கும்.

நான் இருப்பது கிணத்துக்கடவு பக்கம். பாலக்காட்டுக் கணவாய் சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்குத் திறந்து கிடக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று அந்த வழியாக நேரே எங்கள் மேல்தான் வருகிறது. வைகாசிக் கடைசியில் பிடித்தால் ஆவணி வரை ஓயாது. உடுமலையிலும் பல்லடத்திலும் காற்றாலைகளை ஏன் நட்டார்கள் என்பது எங்கள் மாடியில் ஒரு சாயங்காலம் நின்றால் புரியும்.

முதல் வருஷம் என் மாதுளைக்குச் சவுக்குக் கொம்பு நட்டு, அடியிலிருந்து நுனி வரை நாலு இடத்தில் நைலான் கயிற்றால் இறுக்கிக் கட்டினேன். சாயவில்லை. அடுத்த தை மாதம் கட்டை அவிழ்த்ததும் அப்படியே வில்லாக வளைந்து தரையைத் தொட்டது. தண்டு அடியிலும் நடுவிலும் ஒரே பருமன், கயிறு பட்ட இடமெல்லாம் பட்டை வெட்டுப்பட்டிருந்தது. காற்றில் ஆடினால்தான் தண்டின் அடி பருக்கும், வேரும் அகலும். அதை ஆடவே விடாமல் நான் வளர்த்திருக்கிறேன். இன்றும் அந்த மரத்தைப் பார்த்தால் மனசு கேட்பதில்லை.

அதே ஆடியில் கொய்யா டிரம்மோடு விழுந்தது. பார்க்க வந்த மாமனார், “மரத்தைக் கட்டி என்னாகப் போகுதுங்க மாப்ள? தொட்டியல்லங்க சாயுது, அதைப் புடிச்சுக் கட்டுங்க” என்றார். அன்று முதல் அதைத்தான் செய்கிறேன்.

மாடிக்குப் பாரம் ஏறக்கூடாது என்று எல்லோரும் தேங்காய்நார்க் கழிவைத்தான் நிரப்புகிறோம். காய்ந்தால் அது லிட்டருக்குக் கால் கிலோ கூடத் தேறாது. நனைந்த செம்மண் ஒன்றரை கிலோவுக்கு மேல் இருக்கும். காலையில் தண்ணீர் குடித்துத் திடமாக நின்ற தொட்டி மூன்று மணிக்குக் காய்ந்து இலகுவாகிவிடுகிறது. காற்று பலக்கும் நேரமும் அதுதான். என் தொட்டிகள் விழுந்ததெல்லாம் பிற்பகலில்தான். காற்றுக் காலத்தில் மதியமும் ஒரு முறை தண்ணீர் விடுங்கள். அடுத்த முறை மண் மாற்றும்போது பாதிக்குப் பாதியாவது செம்மண் சேருங்கள். அவ்வளவு பாரத்தைத் தளத்தின் நடுவில் வைக்காமல், கீழே சுவரோ உத்தரமோ இருக்கும் இடத்துக்கு மேலே வையுங்கள். தொட்டி உயரமாகவும் ஒடுங்கியும் இருந்தால் எதைச் செய்தும் பயனில்லை. 200 லிட்டர் டிரம்மைப் பாதியாக வெட்டியது மாதிரி அகலமும் குட்டையுமாக ஒன்று இருக்கவே இருக்கிறது.

அடுத்து, தொட்டிகளைச் சேர்த்துக் கட்டுங்கள். நாலு டிரம்மை ஒட்டி நிறுத்தி, வயிற்றைச் சுற்றி லாரியில் சுமை கட்டும் பெல்ட்டைப் போட்டு இறுக்கினால் நாலும் ஒரே பெரிய தொட்டியாகிவிடும். தனித்தனியாக ஆடிக்கொண்டிருந்த என் டிரம்கள் இப்படிக் கட்டிய பிறகு ஒன்று கூட விழவில்லை. அந்தக் கட்டிலிருந்து ஒரு கயிற்றை மாடித் தூணின் நீட்டிவிட்ட கம்பிக்கு இழுத்துக் கட்டலாம். தண்ணீர்த் தொட்டிக் குழாயில் கட்டாதீர்கள். கொக்கி அடிக்கிறேன் என்று தளத்தையும் துளைக்காதீர்கள், மழைக்கு ஒழுகத் தொடங்கினால் நிறுத்துவது பெரும்பாடு.

இனி குச்சி. மண் வெடித்து விலகும் மரத்துக்கும், புதிதாக வைத்த ஒட்டுக்கன்றுக்கும்தான் அது தேவை. தொட்டி மண்ணில் நட்ட குச்சிக்குத் தனிப் பிடிமானம் கிடையாது, தொட்டியோடு சேர்ந்து அதுவும் சாயும். ஆகவே டிரம்மின் உள்பக்கச் சுவரை ஒட்டி நிறுத்தி, இரண்டு துளை போட்டுக் கட்டுக்கம்பியால் டிரம்மோடு இறுக்குங்கள். காற்று வரும் பக்கம் நிற்கட்டும், எங்களுக்கு அது மேற்கு. அப்போது மரம் குச்சியை விட்டு விலகித்தான் ஆடும், உரசிப் பட்டை தேயாது. கட்டு ஒன்றே போதும், தண்டின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்கில். பழைய வேட்டியைக் கிழித்தோ சைக்கிள் டியூப்பை வெட்டியோ எட்டுப் போல் முறுக்கித் தளர்வாகக் கட்டுங்கள். ஒட்டுக்கன்றுக்கு மட்டும் ஒட்டுப் போட்ட இடத்துக்கு மேலே கட்ட வேண்டும், புதுக்கன்று ஒடிந்தால் அங்கேதான் ஒடியும். நர்சரியில் இறுக்கிக் கட்டித் தரும் சின்னக் குச்சியை அன்றே கழற்றிவிடுங்கள். நீங்கள் கட்டியதையும் ஒரு வருஷத்துக்குள் எடுத்துவிடுங்கள்.

காய் கனத்துத் தொங்கும் கிளைக்குக் கவட்டைக் கொம்பு கொடுத்தால் போதும். சித்திரையிலேயே உள்ளே நெருங்கிய கிளைகளைக் கொஞ்சம் வெட்டிக் காற்று ஊடுருவ வழிவிடுங்கள். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளும் விசை நான்கு மடங்காகும், அடர்ந்த கொய்யா அதை அப்படியே வாங்கிக்கொள்ளும். தடுப்பு வேண்டுமென்றால் தகரம் வைக்காமல் 50 சதவீத நிழல்வலை கட்டுங்கள். தகரத்தில் முட்டிய காற்று மேலே ஏறி, மறுபக்கம் சுழன்று இறங்கி அடிக்கும். வலை பாதியை விட்டுப் பாதியைத்தான் தடுக்கும்.

கடலோரம் இருப்பவர்களுக்கு, முக்கியமாகச் சென்னைக்காரர்களுக்கு, ஒன்று சொல்ல வேண்டும். புயலுக்கு மேற்சொன்ன எதுவும் போதாது. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா வந்தபோது, சென்னையில் இருக்கும் என் தங்கை தொட்டிகளையெல்லாம் வடக்குச் சுவர் ஓரம் ஒதுக்கியிருந்தாள். புயலின் கண் கடக்கும்போது கொஞ்ச நேரம் அடங்கிய காற்று, பிறகு தெற்கிலிருந்து திரும்பி அடித்தது. பாதுகாப்பாக ஒதுக்கிய தொட்டிகள் அதற்குப் பிறகுதான் உருண்டன. இப்போது எச்சரிக்கை வந்ததும் அவள் வலையைக் கழற்றுகிறாள், பிஞ்சானாலும் பெரிய காய்களைப் பறிக்கிறாள், தொட்டிகளை மாடிப்படி அறைச் சுவரை ஒட்டித் தானே படுக்க வைத்து, உருளாமல் இரண்டு பக்கமும் செங்கல் கொடுக்கிறாள். காற்று அடங்கிய மறுநாளே நிமிர்த்திவிடுங்கள். இரண்டு மூன்று நாள் படுத்தே கிடந்தால் இளந்தளிர்கள் மேல்நோக்கி வளையத் தொடங்கிவிடும்.