விழித்ததும் அசையாதீர்கள்: கனவு பற்றிய கேள்வி பதில்

நீலகிரியிலும் பழனி மலையிலும் இருந்து வந்த கேள்விகள்.

கோத்தகிரி: நிறைய கனவு வருகிறது சார், எழுந்ததும் மறந்துவிடுகிறது. பிடித்துவைக்க வழி உண்டா?

உண்டு. விழிப்பு வந்ததும் புரளாதீர்கள், கண்ணைத் திறக்காதீர்கள். கடைசிக் காட்சியை முதலில் பிடியுங்கள்; அதிலிருந்து பின்னோக்கிப் போனால் ஒவ்வொன்றாக வரும். எதுவும் சிக்காவிட்டால் மெல்ல மறுபக்கம் திரும்பிப் படுத்துப் பாருங்கள். பிறகுதான் நோட்டு. தலைமாட்டில் பென்சில் வையுங்கள். நம் ஊர்க் குளிரில் பால்பாயிண்ட் பேனா திணறும். செல்போன் வேண்டாம், ஒரு வாட்ஸ்அப் செய்தி கண்ணில் பட்டால் போதும், கனவு கலைந்துவிடும்.

"நடக்கிறேன், பார்க்கிறேன்" என்று நிகழ்காலத்தில் எழுதுங்கள். அடியில் கனவில் இருந்த உணர்ச்சி, முந்தைய நாளில் இருந்து ஒட்டிக்கொண்டது, கனவுக்கு ஒரு தலைப்பு. 14 நாளாவது பொருள் தேடாமல் எழுதி வாருங்கள். ஒற்றைக் கனவு ஏமாற்றும். வரிசையாகப் படித்தால்தான் திரும்பத் திரும்ப வரும் இடமும் ஆளும் தெரியும்.

அலாரம் வேண்டாம். அரை மணி முன்னதாகப் படுங்கள், தானாக விழிப்பு வரட்டும். அறைக்குள் கரிக் கணப்பும் வேண்டாம், காரணம் கீழே.

குன்னூர்: பாம்பு துரத்துகிறது. என்ன பலன்?

பலன் பட்டியலில் எனக்கு நம்பிக்கை இல்லை. தினம் தேயிலைச் செடிக்குள் நிற்பவருக்குப் பாம்பு ஒன்று, படத்தில் மட்டும் பார்த்தவருக்கு வேறொன்று. உளவியலாளர் யூங் கையாண்ட வழி ஒன்று உண்டு: பாம்பையே அறியாத ஒருவருக்கு விளக்குவதுபோல் உங்கள் கனவுப் பாம்பை விவரியுங்கள். "சத்தமில்லாமல் வரும், மிதித்தால்தான் கடிக்கும்" என்று எழுதினீர்களா? அப்படி இருப்பது வீட்டில் யார், உங்களுக்குள் எது என்று கேளுங்கள். பொருத்தமான பதில் வரும்போது சுருக்கென்று தைக்கும். தைக்காத விளக்கம் எவ்வளவு அழகாக இருந்தாலும் விட்டுவிடுங்கள்.

லவ்டேல்: விடியற்காலைக் கனவு பலிக்கும் என்பார்களே?

மூடிய இமைக்குள் கண்விழி வேகமாக அசையும், கனவு மிகுந்த உறக்கத்துக்கு ரெம் உறக்கம் என்று பெயர். அது ஏறத்தாழ 90 நிமிடத்துக்கு ஒருமுறை வருகிறது. முதல் சுற்றில் சில நிமிடம்தான். விடியும் நேரத்தில் அரை மணி வரைகூட நீளும். அதிலிருந்து நேரே விழிப்பதால் அது நினைவில் நிற்கிறது. பலித்ததை ஊரெல்லாம் சொல்கிறோம், பலிக்காததை யாரும் எண்ணுவதில்லை.

அதே லவ்டேல்: அப்படியானால் கண்ணகி கண்ட கனவு பொய்யா?

சிலம்பில் கண்ணகி, கோவலன், பாண்டிமாதேவி மூவருமே கனவு காண்கிறார்கள். வரப்போவதை முன்னறிவிக்கும் காப்பிய உத்தி அது. ஆனால் கண்ணகி கனவைச் சொன்ன இடத்தை இன்னொரு முறை படியுங்கள். சோமகுண்டம், சூரியகுண்டம் மூழ்கிக் காமவேள் கோட்டம் (மன்மதன் கோயில்) தொழலாம் என்கிறாள் தோழி தேவந்தி. "பீடன்று", அது பெருமையல்ல என்று மறுக்கிறாள் கண்ணகி. கனவு கண்டதும் பரிகாரத்துக்கு ஓடாத அந்த நிமிர்வுதான் என்னை ஈர்ப்பது.

கொடைக்கானல்: லவ்டேல்காரர் கேட்டது நியாயம். சைவ சித்தாந்தம் சொப்பனத்தை ஓர் அவத்தையாகவே, அதாவது உயிரின் ஒரு நிலையாகவே வைக்கிறது. ரெம் என்று சொல்லி ஒதுக்கலாமா?

ஒதுக்கவில்லை ஐயா. சாக்கிரம் (விழிப்பு), சொப்பனம் (கனவு), சுழுத்தி (ஆழ்ந்த உறக்கம்), அதற்கும் அப்பாலான துரியம், துரியாதீதம் என்ற வகுப்பில் சொப்பனம் புறப்பொறிகள் ஓய, அந்தக்கரணம் (மனம் முதலான அகக் கருவிகள்) தொழிற்படும் நிலை. உயிர் தன்னை அறிவதற்கான வகுப்பு அது. நாளைக்கு என்ன நடக்கும் என்று பார்க்க அதைப் பயன்படுத்துவதைத்தான் மறுக்கிறேன்.

பூம்பாறை: கனவில் பாம்பு கடித்தால்...

குன்னூர்க்காரருக்கு எழுதியதைப் படியுங்கள்.

கூடலூர்: கனவில் நான்கு இலக்க எண் ஒன்று வந்தது. கேரளா லாட்டரி எடுக்கலாமா?

வேண்டாம். அந்த எண் உங்கள் வாழ்க்கையில் எங்கே இருக்கிறது என்று தேடுங்கள்.

மஞ்சூர்: பிரஷர் மாத்திரை மாற்றியதிலிருந்து பயங்கரக் கனவு.

ப்ராப்ரனலால், மெட்டோப்ரலால் போன்றவை சிலருக்கு அப்படிச் செய்யும். நீங்களாக நிறுத்தாதீர்கள், திடீரென்று நிறுத்துவது இதயத்துக்கு ஆபத்து. எழுதிக் கொடுத்த டாக்டரிடமே சொல்லுங்கள்.

வில்பட்டி: விழிப்பு இருக்கிறது, கைகால் அசையவில்லை, நெஞ்சில் யாரோ உட்கார்ந்திருக்கிறார்கள். அமுக்குவான் பேயா?

ரெம் உறக்கத்தில் உடம்பின் தசைகள் தளர்ந்து கிடக்கும். கனவில் ஓடினாலும் கால் ஓடாதது அதனால்தான். அந்தத் தளர்வு நீங்குமுன் மனம் விழித்தால் இப்படி ஆகும். சில நொடி, அதிகம் போனால் இரண்டொரு நிமிடம். எழப் போராடாதீர்கள்; மூச்சைக் கவனித்து ஒரு விரல் நுனியை மட்டும் அசைத்துப் பாருங்கள். மல்லாந்து படுப்பதையும் தூக்கம் கெடுவதையும் குறைத்துக்கொள்ளுங்கள்.

காலையில் தலைவலியும் குமட்டலும் இருந்தால் அது வேறு விஷயம். மூடிய அறைக் கணப்பிலிருந்து கார்பன் மோனாக்சைடு வருகிறது. மணமில்லை, நிறமில்லை, தூக்கத்திலேயே உயிரை எடுக்கும். படுக்குமுன் கணப்பை வெளியே எடுத்து வையுங்கள். கம்பளி இன்னொன்று போர்த்திக்கொள்ளுங்கள்.