மெத்தென்று அமுங்கும் மேல்தளம்: பழைய பாய்மரப் படகில் குடியேறலாமா?

கேள்வி: நானும் என் கணவரும் 40 ஆண்டுப் பழைமையான, 10 மீட்டர் நீளமுள்ள கண்ணாடியிழைப் பாய்மரப் படகு ஒன்றைச் சீரமைத்து அதிலேயே குடியிருக்க முடிவு செய்து, முன்பணமும் கொடுத்துவிட்டோம். மேல்தளத்தில் பாய்மரத்துக்கு இருபுறமும் நடக்கும்போது கால் மெத்தென்று அமுங்குகிறது. பழைய படகென்றால் அப்படித்தான் இருக்கும், மேலே ஒரு பூச்சுப் பூசினால் போதும் என்கிறார் தரகர். விற்பவர் இரண்டு ஆண்டுகளுக்கு முன் எடுத்த ஆய்வறிக்கை ஒன்றையும் கொடுத்திருக்கிறார். பத்து மாதங்களில் வாடகை வீட்டைக் காலி செய்ய வேண்டும். படுக்கை அறையையும் சமையலிடத்தையும் முதலில் முடித்துக் குடியேறிவிட்டு, மேல்தளத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாமா?

பதில்: கூடாது. மேல்தளத்தின் நிலை தெரியும்வரை உள்ளே ஒரு பலகைகூட வாங்காதீர்கள். மீதிப் பணத்தையும் கொடுக்காதீர்கள்.

காரணத்தைச் சொல்கிறேன். உங்கள் படகின் மேல்தளம் பார்வைக்கு ஒரே கெட்டியான தகடுபோல் தெரிந்தாலும், அந்தக் காலப் படகுகள் பெரும்பாலானவற்றில் அது மூன்று அடுக்குகளால் ஆனது. மேலும் கீழும் மெல்லிய கண்ணாடியிழைத் தோல்கள். நடுவில் பால்சா என்னும் எடை குறைந்த மரமோ பிளைவுட்டோ. இரண்டு தோல்களையும் விலக்கிப் பிடித்து, தளத்துக்கு விறைப்பைக் கொடுப்பது அந்த நடு மரம்தான். கைப்பிடிக் கம்பிகள், கயிறு கட்டும் கொம்புகள் எனத் தளத்தில் திருகப்பட்ட ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு துளை உண்டு. துளையைச் சுற்றியுள்ள அடைப்புப் பசை பத்துப் பதினைந்து ஆண்டுகளில் உயிரிழந்துவிடுகிறது. மழைநீர் கசிந்து நடு மரத்துக்குள் இறங்குகிறது. இரண்டு தோல்களுக்கு நடுவே சிக்கிய நீர் வெளியேற வழியே இல்லாததால் மரம் அழுகுகிறது, தோல்கள் அதிலிருந்து பிரிகின்றன, உங்கள் கால் அமுங்குகிறது.

நீங்கள் சொல்லும் இடம்தான் எனக்குக் கவலை தருகிறது. பாய்மரத்தை இருபுறமும் இழுத்து நிறுத்தும் எஃகுக் கம்பிகள், மேல்தளத்தைத் துளைத்துக்கொண்டு உள்ளே செல்லும் உலோகப் பட்டைகளில்தான் பல படகுகளில் முடிகின்றன. செயின்பிளேட் எனப்படும் அந்தப் பட்டைகளைச் சுற்றி நீர் இறங்கியிருந்தால் மரம் மட்டுமல்லாமல் பட்டையும் கெட்டுக்கொண்டிருக்கும். துருப்பிடிக்காத எஃகு என்ற பெயரை நம்பிவிட வேண்டாம். காற்றிலுள்ள ஆக்சிஜன் தொடர்ந்து படும்வரைதான் அதன் மேற்பரப்பிலுள்ள காப்புப் படலம் நிலைக்கும். ஈர மரத்துக்குள் புதைந்து, காற்றுப்படாமல் உப்புநீரில் நிற்கும் பகுதி வெளியே பளபளப்பாக இருக்கும்போதே உள்ளே அரிக்கப்பட்டுவிடும். பலத்த காற்றில் அந்தப் பட்டை அறுந்தால் பாய்மரம் சாய்ந்துவிடும்.

பூச்சுப் பூசினால் போதும் என்பது நீரை உள்ளே வைத்துப் பூட்டும் யோசனை. தரகர் அதைச் சொல்வதில் வியப்பில்லை. அவருக்குத் தரகுத் தொகை விற்பவர் கையிலிருந்து வருகிறது. விற்பனை முடிந்தால்தான் வருகிறது. அடுத்ததாக, சிறு துளைகள் போட்டு எபாக்ஸி பிசினை ஊசியால் ஏற்றினால் தளம் கெட்டியாகிவிடும் என்று யாராவது ஒருவர் வந்து சொல்வார். அதையும் மறுத்துவிடுங்கள். ஈர மரத்தில் பிசின் ஊடுருவாது. துளைக்கு அருகே சிறிது தேங்கி இறுகும், சுற்றியுள்ள அழுகல் அப்படியே இருக்கும். சில மாதங்கள் தளம் உறுதியாகத் தோன்றும். அதற்குள் வேலை செய்தவர் பணம் வாங்கிச் சென்றிருப்பார்.

முறையான வேலை ஒன்றுதான். மேல் தோலை வெட்டி எடுத்து, அழுகிய மரத்தை உலர்ந்த, வெளிறிய மரம் தென்படும்வரை சுரண்டி நீக்கி, புதிய நடு அடுக்கை எபாக்ஸியால் ஒட்டி, மேலே மறுபடி தோல் போட வேண்டும். பழைய தோலும் புதிய தோலும் சேருமிடத்தில் விளிம்பை, தோலின் தடிமனைப்போல் ஏறத்தாழ 12 மடங்கு அகலத்துக்குச் சரிவாகத் தேய்க்க வேண்டும். அவ்வளவு அகலமான சரிவு இல்லாவிட்டால் இணைப்பு பாரம் தாங்காது. மலிவு என்று பாலியெஸ்டர் பிசினுக்குப் போகாதீர்கள். பழைய கண்ணாடியிழையைப் பற்றிப் பிடிப்பதில் எபாக்ஸிதான் மேல். எல்லாம் முடிந்து கைப்பிடிக் கம்பிகள், கொம்புகள் போன்றவற்றை மறுபடி பொருத்தும்போது, ஒவ்வொரு துளையையும் பெரிதாக்கி, கூழ்போல் கெட்டியாக்கிய எபாக்ஸியால் நிரப்பி, அது இறுகியபின் அதன் நடுவில் திருகுக்குத் துளையிடுங்கள். பிறகு அடைப்புப் பசை தோற்றாலும் நீர் மரத்தைத் தொடாது.

இந்த வேலையில் பறக்கும் கண்ணாடியிழைத் தூசு நுரையீரலுக்கும் தோலுக்கும் கேடு. பொருத்தமான சுவாசக் கவசம் இல்லாமல் தொடக்கூடாது. இதை உங்கள் புதிய படுக்கைக்கு மேலே செய்ய முடியுமா என்று எண்ணிப் பாருங்கள். செயின்பிளேட்டின் போல்ட்டுகளை எட்டவும், துளைகளின் அடிப்பக்கத்தைப் பார்க்கவும், உட்கூரையையும் அலமாரிகளையும் கழற்றியாக வேண்டும். அறைகளை முதலில் முடித்தால், முடித்ததை நீங்களே உடைப்பீர்கள்.

ஒரு விதிவிலக்கு உண்டு. உங்கள் படகு அதில் அடங்கவும் வாய்ப்பிருப்பதால் அதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். அமுங்கும் தளமெல்லாம் அழுகிய தளமல்ல. சில படகுகளில் தோல்கள் முதலிலிருந்தே மெல்லியவை. சிலவற்றில் நடு மரமே இல்லாத பகுதிகள் உண்டு. அவை காலுக்கடியில் வளையும், ஆனால் உலர்ந்திருக்கும். வேறுபாட்டை அறிய, முதலில் பிளாஸ்டிக் சுத்தியலால் தளமெங்கும் மெதுவாகத் தட்டிப் பாருங்கள். நல்ல தளம் ‘டக்’ என்று கூர்மையாக ஒலிக்கும். பிரிந்த தளம் மந்தமாக ‘தொப்’ என்னும். ஒலி மாறும் இடங்களைச் சாக்பீஸால் வரைந்தால் சேதத்தின் பரப்பு கண்ணுக்குத் தெரியும். ஈரமானியை மட்டும் நம்பிவிடாதீர்கள். அடியில் உலோகம் இருந்தாலும் மேற்பரப்பில் பனி படிந்திருந்தாலும் அது பொய்யான அளவைக் காட்டும்.

தட்டிப் பார்த்தும் ஐயம் தீராவிட்டால், உட்புறத்திலிருந்து கீழ்த் தோலையும் நடு மரத்தையும் மட்டும் எட்டும் சிறு துளை இட வேண்டும். மேல் தோலைத் தாண்டிவிடாதபடி துளைமுனையில் ஒட்டுநாடா சுற்றி ஆழத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். வெளிவரும் தூள் உலர்ந்து, வெளிறி, உதிரியாக இருந்தால் மரம் நலம். அதுவே ஊறிய தேயிலைத் தூள்போல் கருத்து விரலில் ஒட்டினால் முடிவு தெரிந்துவிட்டது. படகு இன்னும் உங்களுடையதல்ல என்பதால் விற்பவரின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் வேண்டும். அவர் மறுத்தால் அந்த மறுப்பே போதிய தகவல். தூள் உலர்ந்தே வந்தாலும், செயின்பிளேட்டுகளைச் சுற்றியும் பாய்மரத்தின் அடியிலும் இந்த விதிவிலக்கைப் பயன்படுத்தாதீர்கள். அங்கே பட்டையைக் கழற்றிக் கண்ணால் பார்த்தபிறகுதான் பேச்சு.

விற்பவர் கொடுத்த அறிக்கையை ஒதுக்கி வையுங்கள். அது அவருக்காக, அவர் பணத்தில் எழுதப்பட்டது. அதில் பிழை இருந்தால் எழுதியவரிடம் இழப்பீடு கேட்பது உங்களுக்கு மிகக் கடினம். இத்தகைய அறிக்கைகளில் பிரித்துப் பார்க்கப்படவில்லை, அணுக முடியவில்லை என்ற வரிகளை எண்ணிப் பாருங்கள். உங்களுக்கு வேண்டிய விடைகள் எல்லாம் அந்த வரிகளுக்குப் பின்னால்தான் இருக்கும். பல நாடுகளில் உரிமம் ஏதுமின்றி எவரும் தம்மைப் படகு சர்வேயர், அதாவது படகின் நிலையை ஆய்ந்து அறிக்கை தருபவர், என்று அழைத்துக்கொள்ளலாம் என்பது இத்தொழிலின் வெட்கக்கேடு. ஆகவே தரகர் பரிந்துரைக்கும் சர்வேயரைத் தவிர்த்து, தொழில்முறைச் சங்கம் ஒன்றில் உறுப்பினராக உள்ள, தொழில் பொறுப்புக் காப்பீடு வைத்திருக்கும் ஒருவரை நீங்களே தேடி, படகைக் கரையேற்றி ஆய்வு செய்யச் சொல்லுங்கள். பாய்மரக் கம்பிகளின் வயதையும் கேட்கச் சொல்லுங்கள். 10 முதல் 15 ஆண்டுகளைத் தாண்டியிருந்தால் மாற்றும் செலவை இப்போதே கணக்கில் சேர்த்துவிடுங்கள்.

கரையேற்றியதும் அடிப்பகுதியில் சிறு கொப்புளங்கள் தெரிந்தால் பதற வேண்டாம். வாங்குபவர்கள் அவற்றைக் கண்டு அஞ்சிப் பெருந்தொகை செலவிடுகிறார்கள். ஆனால் சிதறலான சில கொப்புளங்களால் படகு மூழ்குவது மிக அரிது. மூழ்கடிக்கக்கூடியவை நீர்மட்டத்துக்குக் கீழேயுள்ள வால்வுகள். சாதாரணப் பித்தளை வால்வு கடல்நீரில் துத்தநாகத்தை இழந்து, இளஞ்சிவப்பாக மாறி, கையில் உடையும் அளவுக்கு நொறுங்கிவிடும். நீர்மட்டத்துக்கு அரை மீட்டர் கீழே 38 மில்லிமீட்டர் குழாய் உடைந்தால் நிமிடத்துக்கு நூறு லிட்டருக்கும் மேல் நீர் உள்ளே வரும். நீங்கள் அதே படகில் உறங்கப் போகிறீர்கள். குடியேறும் முன் வால்வுகளை வெண்கலத்திலோ துத்தநாக இழப்பைத் தாங்கும் உலோகத்திலோ மாற்றிவிடுங்கள். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் படகின் அடியில் தேங்கி, ஒரு பொறிக்காகக் காத்திருக்கும். சிலிண்டர், கடலுக்குள் வடியும் துளை கொண்ட தனி அறையில்தான் இருக்க வேண்டும்.

பத்து மாதங்கள் போதாது. தட்பவெப்பம் ஒத்துழைத்தால்தான் எபாக்ஸி சரியாக இறுகும். வார இறுதிகளில் மட்டும் உழைக்கும் இருவருக்கு மேல்தளம் ஒன்றே பல மாத வேலை. வாடகை வீட்டை நீட்டிக்க இப்போதே பேசிவிடுங்கள். படகு நிற்கப்போகும் மெரினாவில், அதாவது படகுத் துறையில், நிரந்தரமாகத் தங்க அனுமதி உண்டா என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். பல இடங்களில் அனுமதிப்பதில்லை.

முன்பணத்துக்கு வருகிறேன். உங்கள் ஒப்பந்தத்தில் ‘ஆய்வுக்கு உட்பட்டு’ என்ற நிபந்தனை இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். இருந்தால், அதில் குறித்த கெடுவுக்குள் ஆய்வை முடித்து, சேதத்தைக் காட்டி விலையைக் குறைக்கவோ முன்பணத்தைத் திரும்பப் பெறவோ கேட்கலாம். இல்லாவிட்டால், மீதியைக் கொடுக்கும் முன் ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள். அவரிடம் இன்னொன்றையும் விசாரிக்கச் சொல்லுங்கள்: அடமானமும், படகுத் துறைக்கும் பழுதுபார்த்தவருக்கும் செலுத்தாத கட்டணமும் சில நாடுகளில் படகையே பற்றிக்கொண்டு புதிய உரிமையாளரிடம் வந்துவிடும். அத்தகைய கடன் எதுவுமில்லை என்று விற்பவர் கையெழுத்திட்ட உறுதிமொழியும், பதிவேட்டில் தேடிய சான்றும் கையில் வந்தபிறகே பணம் கைமாற வேண்டும்.