மஞ்சள் தீயும் பானைக் கரியும்

கேள்வி: டர்பன் அருகே சாட்ஸ்வர்த்தில் வசிக்கிறோம். மின்வெட்டுத் தொல்லையால் கேஸ் அடுப்பு வாங்கினோம். நீலமாக எரிந்த தீ சில வாரங்களாக மஞ்சளாகிவிட்டது. பானை அடியெல்லாம் கரி. மஞ்சள் தீயில்தான் சூடு அதிகம் என்கிறார் மாமியார். உண்மையா?

பதில்: இல்லை. வீட்டுக் காமாட்சி விளக்கை உற்றுப் பாருங்கள். திரியை ஒட்டி மங்கலாகத் தெரிவது இன்னும் எரியாத எண்ணெய் ஆவி. நடுப்பகுதிக்குக் காற்று போதாது. அங்கே ஆவி சிதைந்து நுண்ணிய கரித்துகள்களாகி, தணல்போல மஞ்சளாக ஒளிர்கிறது. அந்தக் காலத்தில் தட்டைக் கவிழ்த்துக் கண்மை பிடித்தார்களே, அதே கரிதான் உங்கள் பானையின் அடியில் ஒட்டுகிறது. மெழுகுவத்திச் சுடரில் இந்த மஞ்சள் பகுதி சுமார் 1,200 டிகிரி செல்சியஸ். கண்ணுக்கு அரிதாகவே தெரியும் வெளி விளிம்பு சுமார் 1,400.

விளக்குக்கு அந்தக் கரி வேண்டும், அதுதான் வெளிச்சம். அடுப்புக்கு அது ஆகாது. அடுப்பில் கேஸ் எரியும் முன்பே காற்றோடு கலப்பதால் கரி உண்டாவதில்லை. காய்ச்சிய இரும்பு சிவந்து, பின் வெளுப்பதைப்போலத் தீயும் சூடேறி நீலமாகிறது என்று பலர் விளக்குகிறார்கள். அது தவறு. எரியும்போது உடையும் மூலக்கூறுத் துண்டுகள் வெளியிடும் ஒளியே அந்த நீலம். நீலத் தீக்குள் சிறு கூம்பு தெரியும். அதன் உள்ளே இருப்பது எரியாத கேஸ். கூம்பின் நுனிக்குச் சற்று மேலேதான் உச்ச வெப்பம், 1,900 டிகிரியை நெருங்கும். பானையின் அடி அந்தக் கூம்பில் இடித்தால் தீ குளிர்ந்து, எரிதல் அரைகுறையாகும்.

ரசம் பொங்கி வழியும்போது பளிச்சிடும் ஆரஞ்சு நிறம் உப்பிலுள்ள சோடியத்தால் வருவது. கரி படியாது; கவலை வேண்டாம்.

உங்கள் அடுப்பில் காற்று நுழையும் வழி அடைபட்டிருக்கக்கூடும். சிலிண்டரை மூடி, அடுப்பு ஆறியபின் பர்னரைக் கழற்றிக் கழுவுங்கள். துளைகளை ஊசியால் குத்துங்கள். தீக்குச்சியால் குத்தாதீர்கள், அது உள்ளேயே ஒடிந்துவிடும். காற்றுக் குழாய்க்குள் சிலந்தி வலை இருக்கிறதா என்றும் பாருங்கள். ஈரம் நன்றாக உலர்ந்தபின் மாட்டுங்கள்.

அதற்குப் பிறகும் மஞ்சளாகவே எரிந்தால் அந்த அடுப்பில் சமைக்காதீர்கள். பதிவுபெற்ற கேஸ் தொழிலாளரை அழையுங்கள். அரைகுறையாக எரியும் தீ கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவைக் கக்கும். அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. குளிருக்காகச் சமையலறை ஜன்னலை அடைத்து வைத்திருந்தால் இன்றே திறந்துவிடுங்கள். சமைக்கும்போது தலைவலியோ மயக்கமோ வந்தால், தீயை அணைத்துவிட்டு எல்லோரும் உடனே வெளியே வாருங்கள்.