பம்பில் வருவது மட்டும் உங்கள் பால் அல்ல

சகோதரி, 12 நாள் குழந்தைக்குத் தாய்ப்பால் எடுக்கும் பம்பில் 20 மில்லிதான் வருகிறது, அதனால் இரவில் புட்டிப்பால் கொடுக்கிறேன் என்கிறீர்கள். பம்பை அளவுகோலாக்காதீர்கள், குழந்தை நன்றாகச் சப்பினால் அதைவிட அதிகமாகவே குடிக்கும். நாளுக்கு 6 முறையாவது சிறுநீர் போகிறதா, எடை ஏறுகிறதா என்று பாருங்கள்.

எனக்கு உறுத்துவது அந்த இரவுப் புட்டிதான். பால் சுரக்க வைக்கும் புரோலாக்டின் என்ற ஹார்மோன் இரவில்தான் அதிகம். மார்பு காலியாகக் காலியாகத்தான் பால் ஊறும். இரவும் சேர்த்து, 24 மணி நேரத்தில் 8 முதல் 12 முறை தாய்ப்பால் கொடுங்கள். காம்போடு கருவட்டமும் வாய்க்குள் போகட்டும்; கீழுதடு வெளிப்பக்கம் மடிந்து, முகவாய் மார்பில் பதிந்திருக்க வேண்டும். விழுங்கும் ஓசை நின்று வெறுமனே சப்பும்போது மார்பை மெல்ல அழுத்திக்கொடுங்கள், மறுபடி விழுங்கத் தொடங்கும்.

புட்டியை ஒரேயடியாக நிறுத்தாதீர்கள். மருத்துவரிடம் எடை பார்த்துக் குறையுங்கள். இரண்டு வாரத்தில் பிறந்த எடைக்குத் திரும்பவில்லையென்றால் தாமதிக்காமல் காட்டுங்கள்.