அந்தப் பாட்டை எப்போது பாடவிடுவது?

வணக்கம். நானும் நண்பர்களும் 20 நிமிடக் குறும்படம் எடுக்கப்போகிறோம். கல்லூரி முடிந்து பிரிந்த இருவர் 12 வருடம் கழித்து ஒரு கல்யாண வீட்டில் சந்திக்கிறார்கள். திரைக்கதையை இணைத்திருக்கிறேன். படித்தவர்கள் எல்லாரும் ‘நல்லாத்தான் இருக்கு, ஆனா மனசுல ஒட்டலை’ என்கிறார்கள். 8 நிமிட ஃபிளாஷ்பேக்தான் காரணம், தூக்கிவிடு என்கிறான் எடிட்டிங் செய்யும் நண்பன். ‘96’ படத்தில் பள்ளிக்கூடப் பகுதி அவ்வளவு நீளம். அது மட்டும் எப்படி ஒட்டியது?
ஆர்.

அன்புள்ள ஆர்.,

உங்கள் நண்பர் சொல்வதில் பாதி சரி. நீளம் ஒரு குறைதான், ஆனால் நோய் வேறு இடத்தில் இருக்கிறது. உங்கள் ஃபிளாஷ்பேக்கில் கேன்டீன், பஸ் ஸ்டாப், மழை எல்லாம் வருகின்றன. அவர்கள் காதலித்தார்கள் என்பது தெரிகிறது. அது முதல் நிமிடத்திலேயே, அவள் பந்தியில் அவனைப் பார்த்ததும் தண்ணீர் டம்ளரைக் கீழே வைக்கும்போதே தெரிந்துவிட்டது. தெரிந்ததையே மறுபடி 8 நிமிடம் சொல்கிறீர்கள்.

‘96’ பள்ளியில் காதலித்துப் பிரிந்த ராமும் ஜானுவும் மறுபடி சந்திக்கும் கதை. அதில் தஞ்சாவூர்ப் பள்ளிக்கூடப் பகுதி, பின்னால் தீர்க்க ஒரு கடன் வாங்கி வைக்கிறது. ஜானு நன்றாகப் பாடுவாள். ராம் ‘யமுனை ஆற்றிலே’ கேட்பான்; அதை மட்டும் பாடமாட்டாள். 1991ல் ‘தளபதி’யில் வந்த மிகச் சின்னப் பாட்டு. இருபது ஆண்டுகளுக்கு மேல் கழித்து, சென்னையில் ராமின் வீட்டில் கரண்ட் போகிறது. அவன் விளக்குத் தேடப் போன நேரத்தில் இருட்டிலிருந்து அவள் குரல் வருகிறது. அவன் பதறி ஓடிவருகிறான். வெளிச்சத்தில், எதிரெதிரே உட்கார்ந்து பாடியிருந்தால் அது வெறும் கச்சேரியாகியிருக்கும். முகம் தெரியாத இருட்டு அவளுக்குத் துணிச்சல் தருகிறது. இயக்குநர் பிரேம்குமார் ஒளிப்பதிவாளராக இருந்து வந்தவர் என்பது இங்கே தெரியும்.

ரிச்சர்ட் லிங்க்லேட்டரின் ‘பிஃபோர் சன்செட்’ (2004) என்ற ஆங்கிலப் படத்திலும் முன்பு பிரிந்த ஒருவனும் ஒருத்தியும் மறுபடி சந்திக்கிறார்கள். அதிலும் பாட்டு கடைசியில், அவள் வீட்டில்தான். கிட்டாரோடு, வால்ட்ஸ் என்ற நடனத்தின் தாளத்தில் ஒரு பாட்டு. அங்கே பழைய நினைவு, பாரிஸ் புத்தகக் கடையில் அவன் பேசும்போது வந்துபோகும் சில ஷாட்களோடு சரி. 80 நிமிடப் படத்துக்கு அதுவே போதுமாக இருந்தது.

ஆகவே உங்கள் 8 நிமிடத்தை 2 நிமிடமாக்குங்கள். கொடுக்கப்படாமல் போன ஒன்று மட்டும் அதில் இருக்கட்டும்: பாடாத பாட்டு, திருப்பித் தராத நோட்டு, சொல்லாத பதில். அது 15வது நிமிடத்துக்கு முன் தீரக் கூடாது. சினிமாப் பாட்டு வேண்டாம். இசை இல்லாமல் வாயால் பாடினாலும் மெட்டும் வரியும் உரிமை உள்ளவருடையவை; அனுமதி இல்லாமல் யூடியூபில் ஏற்றினால் சிக்கல் வரும். நாலு வரி சொந்தமாக எழுதி மெட்டுப் போடுங்கள்.

அடுத்தது, உங்கள் கதையில் இருவருக்கும் எல்லாம் தெரிந்திருக்கிறது. அதனால்தான் உங்கள் வசனம் ‘ஞாபகமிருக்கா?’, ‘இருக்கு’ என்றே நகர்கிறது. ‘ஞாபகமிருக்கா’ 9 முறை வருகிறது, எண்ணிப் பார்த்தேன். ‘96’ல் ராம் அவளைத் தேடிக் கல்லூரிக்குப் போனது ஜானுவுக்குத் தெரியாது. வேறு யாரோ என்று நினைத்து, வெளியே வந்து பார்க்காமலே விரட்டிவிட்டாள். அந்த உண்மை உடைந்த பிறகுதான், ராமின் மாணவிகளிடம் அன்று தான் வெளியே வந்து அவனைப் பார்த்ததாக ஒரு கதை சொல்கிறாள். பொய் என்று நமக்குத் தெரியும், அந்தப் பெண்களுக்குத் தெரியாது. படத்தில் நான் மிகவும் மதிக்கும் இடம் அது. எழுத உட்காரும் முன் ஒரு தாளை இரண்டாக மடித்து, அவனுக்குத் தெரியாதது, அவளுக்குத் தெரியாதது என்று பக்கத்துக்கு இரண்டு எழுதுங்கள்.

உங்கள் கதையில் அவள் கணவனைக் குடிகாரனாக்கியதை எடுத்துவிடுங்கள். அவன் கெட்டவனானால் அவள் கிளம்பிப் போக அனுமதி கிடைத்துவிடுகிறது. பார்ப்பவனுக்குத் தவிப்பே இல்லை. ஜானுவின் கணவனை அந்தப் படம் ஒரு இடத்திலும் குறை சொல்வதில்லை.

இரண்டு படங்களிலும் ஒரு விமானம் காத்திருக்கிறது. உங்கள் கல்யாண வீட்டில் இரவு பஸ் ஒன்று போதும். நேரத்தை இரண்டாம் நிமிடத்திலேயே யாராவது சத்தமாகச் சொல்லட்டும்.

உங்கள் கடைசிப் பக்கத்தில் இருவரும் 14 வரி பேசி விடைபெறுகிறார்கள். ‘96’ன் முடிவில், மழையில் நனைந்த ஜானு மாற்றிவிட்டு விட்டுப்போன உடையை, ராம் மடித்துப் பழைய பள்ளிக்கூட நினைவுகள் இருக்கும் பெட்டியில் வைக்கிறான். ஒரு சொல்லும் பேசவில்லை. அந்த 14 வரியையும் அடித்துவிட்டு, உங்கள் நாயகன் கையில் என்ன மிஞ்சுகிறது என்பதை மட்டும் எழுதி அனுப்புங்கள். படிக்கிறேன்.