ஐப்பசியில் கதவை இழைக்காதீர்கள்

மழை தொடங்கியதும் இந்தப் பகுதிக்கு வரும் கேள்விகளில் முக்கால்வாசி கதவையும் ஜன்னலையும் பற்றியவைதான். ஒரே கேள்வியைப் பல பேர் கேட்டிருந்தால் ஒன்றை மட்டும் எடுத்திருக்கிறேன்.

படுக்கையறைக் கதவு போன வாரத்திலிருந்து மூடவே மாட்டேன் என்கிறது. தோளால் இடித்துத்தான் சாத்த வேண்டியிருக்கிறது. ஆசாரி வந்து பார்த்துவிட்டு, ஓரத்தில் கொஞ்சம் இழைத்தால் சரியாகிவிடும் என்கிறார். தீபாவளிக்குள் முடித்துவிடலாமா சார்?
– வாசகி, வேளச்சேரி

வேண்டாம்மா. ஆசாரியை இப்போதைக்கு டீ கொடுத்து அனுப்பிவிடுங்கள். இப்போது இழைத்தால் கதவு நன்றாகச் சாத்தும், யாரும் இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் பங்குனி, சித்திரையில் மரம் காய்ந்து சுருங்கும்போது நிலைக்கும் கதவுக்கும் நடுவில் விரல் நுழைகிற இடைவெளி வந்துவிடும், தாழ்ப்பாள் நாதாங்கியை எட்டாது. அதற்கப்புறம் கட்டை ஒட்ட வேண்டும், அதற்கு ஒரு கூலி.

முதலில் கதவு எங்கே உரசுகிறது என்று பாருங்கள். ஓரத்தில் சாக்பீஸைத் தேய்த்துவிட்டு ஒருமுறை மூடித் திறந்தால் உரசும் இடத்தில் சாக்பீஸ் அழிந்திருக்கும். பூட்டுப் பக்கம் மேலிருந்து கீழ்வரை ஒரே மாதிரி அழிந்திருந்தால் மரம் உப்பியிருக்கிறது. மேல் மூலையில் மட்டும் உரசி, அதற்கு எதிர்ப்பக்கம் மேல் கீல் அருகே இடைவெளி அதிகமாகத் தெரிந்தால் மரத்தின் மேல் குற்றமில்லை, கதவு தொங்கிவிட்டது. என் கணக்கில் "மழையில் உப்பிவிட்டது" என்று சொல்லப்படும் கதவுகளில் நிறைய இந்த இரண்டாவது வகைதான். ஏழடி உயரத்தில் ஒரு பிளஷ் டோர், அதாவது ஒட்டுப் பலகையில் செய்த வழவழப்பான கதவு, சுமார் 30 கிலோ எடை இருக்கும். அந்த எடை கதவை நிலையிலிருந்து பிடுங்கப் பார்ப்பது மேல் கீலில்தான், அதனால் அங்கே உள்ள ஸ்க்ரூதான் முதலில் தளரும்.

தளர்ந்திருந்தால் கதவுக்கு அடியில் ஒரு ஆப்பு வைத்து எடையைத் தாங்கிக்கொண்டு, ஒவ்வொரு ஸ்க்ரூவாக முறுக்குங்கள். எவ்வளவு முறுக்கினாலும் சும்மா சுற்றிக்கொண்டே இருந்தால் ஓட்டை தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். அந்த ஸ்க்ரூவைக் கழற்றி, மூங்கில் சிராய்களைப் பெவிகாலில் தோய்த்து ஓட்டை நிறையும்வரை அடித்து இறக்கி, ஒரு நாள் காயவிட்டு மறுபடி போடுங்கள். மரநிலையாக இருந்தால், மேல் கீலில் ஒரே ஒரு ஸ்க்ரூவை இரண்டு அங்குல நீளத்துக்கு மாற்றினாலே பல கதவுகள் எழுந்து நின்றுவிடும். இரண்டு கீல் மட்டும் போட்டிருந்தால் நடுவில் மூன்றாவது ஒன்று போடச் சொல்லுங்கள், அந்தக் காசைக் கணக்குப் பார்க்காதீர்கள்.

நிஜமாகவே உப்பியிருந்தால், தை பிறக்கும்வரை உரசும் இடத்தில் மெழுகுவத்தியை அழுத்தித் தேய்த்துச் சமாளியுங்கள். மாசியில் கதவைக் கழற்றி வேண்டிய அளவு மட்டும் இழைத்து, அன்றைக்கே பிரைமரும் பெயின்டும் அடித்துவிட வேண்டும். இதில் எல்லோரும் விடுகிற இடம் ஒன்று உண்டு, கதவின் மேல் விளிம்பும் அடி விளிம்பும். பெயின்டர் முன்னும் பின்னும் கண்ணாடி மாதிரி அடித்துத் தருவார், கண்ணுக்குத் தெரியாத இந்த இரண்டு விளிம்பையும் பூச்சில்லாத வெறும் மரமாகவே விட்டுவிடுவார், காற்றின் ஈரம் அந்த வழியாகத்தான் ஏறுகிறது. நம்பவில்லையென்றால் செல்போனைக் கதவுக்கு மேலே நீட்டி ஒரு படம் எடுத்துப் பாருங்கள். அடிப்பக்கத்துக்கு ஒரு சின்னக் கண்ணாடி போதும். பெயின்ட் இல்லையென்றால், ஏன் வருடா வருடம் இந்தத் தொல்லை என்பதற்குப் பதில் அங்கேயே இருக்கிறது.

புதிதாகப் போட்ட யுபிவிசி ஸ்லைடிங் ஜன்னல். சாரல் அடித்தால் உள்ளே தண்ணீர் வழிகிறது. கம்பெனிக்காரர் வந்து சுற்றிலும் சிலிக்கான் பூசினார், அதற்குப் பிறகு இன்னும் அதிகமாகிவிட்டது!
– வாசகர், கோயம்புத்தூர்

அதிகமாகத்தான் ஆகும். ஸ்லைடிங் ஜன்னலின் கீழ்த் தண்டவாளத்தில் மழைநீர் இறங்குவது குறையில்லை, இறங்கிய நீர் வெளியே போக வெளிப்பக்கம் சின்னச் சின்னத் துளைகள் வைத்திருப்பார்கள். உங்கள் ஆள் அதையும் சேர்த்து அடைத்துவிட்டார் என்று நினைக்கிறேன். மழை இல்லாத நாளில் தண்டவாளத்தில் ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள், கொஞ்ச நேரத்தில் வெளிச்சுவர்ப் பக்கம் சொட்ட வேண்டும். சொட்டாவிட்டால் துளையைத் தேடி, கெட்டியான கம்பியால் குத்திச் சுத்தம் செய்யுங்கள். சிமென்ட் தூசும் செத்த ஈசலும்தான் வழக்கமாக வரும்.

அதற்கப்புறமும் வந்தால் ஜன்னலை விட்டுவிட்டு அதற்கு அடியில் பதித்த கல்லைப் பாருங்கள். கடப்பாக்கல்லோ கிரானைட்டோ வெளிப்பக்கம் சரிந்திருக்க வேண்டும். உள்பக்கம் சரிந்திருந்தால் எத்தனை டியூப் சிலிக்கான் வாங்கினாலும் பயனில்லை. இன்னொன்று, தண்டவாளத்தில் எண்ணெயோ கிரீஸோ போடாதீர்கள், தூசியைப் பிடித்து வைத்து உருளையைத் தேய்த்துவிடும்.

தாத்தா காலத்து வீடு. தலைவாசல் நிலையின் அடியில் மண்கோடு போல ஏறியிருக்கிறது, துடைத்தால் திரும்ப வருகிறது. பர்மா தேக்கைக் கரையான் தின்னாது என்பார்களே. பேசாமல் கழற்றிவிட்டு ஸ்டீல் கதவு போட்டுவிடலாம் என்று தம்பி சொல்கிறான். பெயின்டர், எனாமல் அடித்தால் போதும் என்கிறார்.
– வாசகர், காரைக்குடி

தம்பியிடம் முனீஸ்வரன் கோயில் தெருவுக்கு ஒரு நடை போய்வரச் சொல்லுங்கள். உங்களைப் போன்றவர்கள் கழற்றிப் போட்ட கதவுகளை அங்கே என்ன விலைக்கு விற்கிறார்கள் என்று பார்த்துவிட்டு வந்து பேசட்டும்.

தேக்கின் வைரம் பாய்ந்த பகுதியைக் கரையான் அவ்வளவாகத் தொடாது, உண்மைதான். அதைச் சுற்றியுள்ள வெளுத்த பகுதிக்கு அந்தக் காப்பு கிடையாது. ஈரத்தில் ஊறி இற்றுப்போன மரத்தை எதுவும் விடாது. ஒரு ஸ்க்ரூ டிரைவரை எடுத்து நிலையின் அடியிலிருந்து மேலே தட்டிக்கொண்டே வாருங்கள். சத்தம் கணீரென்று இருந்தால் மரம் நன்றாக இருக்கிறது, பொத்தென்று கேட்கும் இடத்தில் முனையை அழுத்திப் பாருங்கள். பெரும்பாலும் அடியில் ஆறு அங்குலம், ஒரு அடி மட்டும்தான் போயிருக்கும். கரையான் அந்த நிலையைப் பாதையாக மட்டும் வைத்துக்கொண்டு, மேலே உத்தரத்தில் பிற்காலத்தில் போட்ட மட்டமான மரத்தைத் தின்றுகொண்டிருக்கவும் வாய்ப்பு உண்டு, அதையும் பாருங்கள். மண்கோடு இல்லாமல் குண்டூசித் துளைகளிலிருந்து மாவு மாதிரி கொட்டினால் அது கரையான் வேலையில்லை, வண்டு. அதற்கு வைத்தியம் வேறு.

மண்கோட்டைத் துடைப்பதால் பயனில்லை, கூட்டம் மண்ணுக்கடியில் இருக்கிறது. கரையான் மருந்து அடிக்க உரிமம் உள்ள ஆளைக் கூப்பிட்டு, சுவரும் தரையும் சேரும் இடத்தில் அடிக்கு ஒன்றாகத் துளையிட்டு மருந்து இறக்கச் சொல்லுங்கள். பம்பை வைத்து மரத்தின் மேலே மட்டும் பீய்ச்சிவிட்டுப் போகிறவருக்குக் காசு கொடுக்காதீர்கள். மண்ணெண்ணெய் ஊற்றும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள், வாசலில் விளக்கு ஏற்றுகிற வீடு.

இதெல்லாம் செய்தாலும் ஈரம் நிற்காவிட்டால் இரண்டு வருடத்தில் மறுபடி எனக்கு எழுதுவீர்கள். கரையான் ஈரத்தைத் தேடித்தான் வருகிறது. உங்கள் வாசலில் ஈரம் எங்கிருந்து வருகிறது? தினமும் வாசல் தெளிக்கிற தண்ணீர், வெள்ளிக்கிழமை வாசற்படியைக் கழுவிவிடுகிற வாளித் தண்ணீர். நிலையின் கால் தரையில் புதைந்திருக்கிறது, மரத்தைக் குறுக்கே அறுத்த வெட்டுமுகம் கீழே இருப்பதால் நீரை மேலே இழுத்துக்கொள்ளும். கோலத்தை நிறுத்தச் சொல்லவில்லை, அப்படிச் சொல்லிவிட்டு நான் எந்த வீட்டுக்கும் போக முடியாது. நிலையை விட்டு ஒரு முழம் தள்ளித் தெளியுங்கள், நிலையைக் கழுவாமல் ஈரத்துணியால் துடையுங்கள், மஞ்சள் குங்குமம் எப்போதும்போல வைக்கலாம்.

இற்ற அடிப்பகுதியைச் சாய்வாக அறுத்தெடுத்து, பழைய தேக்கிலேயே ஒட்டுப் போடத் தெரிந்த ஆசாரிகள் உங்கள் ஊரில் இன்னும் இருக்கிறார்கள். பழைய வீடு பிரித்த மரம் கிடைத்தால் நல்லது, புது மரம் அதோடு ஒத்துச் சுருங்காது. எனாமல் வேண்டவே வேண்டாம். செதுக்கு வேலையெல்லாம் மூடிப்போகும், உள்ளே போன ஈரம் வெளியே வர வழியும் இருக்காது. ஆளிவிதை எண்ணெயை மெல்லியதாகத் தேய்த்து, ஊறாத மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள், போதும். துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடக் கூடாது. அந்த எண்ணெய் காயும்போது சூடு கிளம்பும், சுருட்டிய துணி தானாகவே தீப்பிடிக்கும். வெளியே விரித்துக் காயவைத்துவிட்டு அப்புறம் குப்பையில் போடுங்கள்.

குளிர்காலத்தில் பூட்டு திறக்க மறுக்கிறது. தேங்காய் எண்ணெய் விட்டும் சரியாகவில்லை.
– வாசகர், உதகமண்டலம்

அதுதான் காரணமே. தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும். உங்கள் ஊரில் அது பூட்டுக்குள் போட்ட மெழுகு. நல்ல பூட்டுக்காரரிடம் கொடுத்துக் கழுவி வாங்குங்கள். அதற்குப் பிறகு எண்ணெயே வேண்டாம், பென்சில் முனையைச் சுரண்டி, அந்தக் கரித்தூளைச் சாவியில் தடவி நாலைந்து முறை போட்டுத் திருப்பினால் போதும்.

கடற்கரைக்குப் பக்கத்தில் வீடு. இரும்பு ஜன்னலுக்கு வருடம் தவறாமல் பெயின்ட் அடிக்கிறேன், ஆறே மாதத்தில் துரு பொத்துக்கொண்டு வருகிறது. மட்டமான பெயின்டா?
– வாசகி, தூத்துக்குடி

பெயின்ட் நல்லதாகவே இருக்கலாம். துருவுக்கு மேலே அடிக்கிறீர்கள், துருவுக்குள் கடல் உப்பு இருக்கிறது, அது உள்ளிருந்தே வேலையைத் தொடர்கிறது. கம்பி பிரஷ்ஷால் தேய்த்ததோடு நிறுத்தாமல் நல்ல தண்ணீரால் கழுவி, காயவைத்து, எமரித் தாளில் பளபளப்பு வரும்வரை தேயுங்கள். அன்று சாயங்காலத்துக்குள் பிரைமர் ஏறிவிட வேண்டும், ஒரு ராத்திரி விட்டாலே உங்கள் காற்றில் மறுபடி செம்பட்டை படரும். வெறும் ரெட் ஆக்சைடு கடலோரத்துக்குப் போதாது. ஜிங்க் பாஸ்பேட் அல்லது எபாக்சி பிரைமர் கேட்டு வாங்குங்கள், எந்தப் பெயின்ட் அதன்மேல் ஒட்டும் என்று கடையிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். கம்பி அடிச்சட்டத்தில் இறங்கும் இடத்தில் தண்ணீர் தேங்கும், துரு முதலில் தொடங்குவதும் அங்கேதான், அந்த மூலைகளைச் சீலன்ட்டால் அடையுங்கள். கீல், கொக்கி மாற்றும்போது 316 ரக எவர்சில்வர் கிடைத்தால் போடுங்கள், 304 கூட உங்கள் ஊரில் கறைபடும்.

ஒரு எச்சரிக்கை. வீட்டுப் பெயின்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்குக்கு) மேல் இருக்கக் கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் அமலுக்கு வந்தது. அதற்கு முன் அடித்த பூச்சைச் சுரண்டும்போது பறக்கும் தூசியில் ஈயம் இருக்கலாம். நனைத்துத் தேயுங்கள், முகக்கவசம் போடுங்கள், குழந்தைகள் பக்கத்தில் இருக்க வேண்டாம்.

வாடகை வீடு. பாத்ரூம் கதவின் அடி இற்றுப்போய்ச் செதில் செதிலாக உதிர்கிறது. நீங்களே மாற்றிக்கொள்ளுங்கள் என்கிறார் ஓனர். தகரம் அடித்து ஒப்பேற்றலாமா? செலவு யாருடையது?
– வாசகர், தாம்பரம்

தகரம் அடித்தால் அசிங்கம் மறையும், அழுகல் வேகமாகும். தகரத்துக்கும் மரத்துக்கும் நடுவில் போன தண்ணீர் வெளியே வராது. இரண்டு அங்குலத்துக்குள் இற்றிருந்தால் அதை அறுத்தெடுத்து, வெட்டுமுகத்தை நன்றாகக் காயவிட்டு எபாக்சி பூசி, கீழே ஒரு பிவிசி பட்டை வைத்து முடிக்கலாம். அதற்கு மேல் போயிருந்தால் பிளஷ் டோருக்கு மருந்தில்லை, ஒட்டுப் பலகைகள் பிரிந்துகொண்டே போகும். பாத்ரூமுக்கு பிவிசி கதவோ எப்ஆர்பி என்கிற ஃபைபர் கதவோ போடுவதுதான் புத்திசாலித்தனம். நிலையின் காலும் இற்றிருந்தால் அந்த அரை அடியை அறுத்துவிட்டு கிரானைட் துண்டு வைக்கச் சொல்லுங்கள்.

செலவுக்கு வருவோம். தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரியிலிருந்து அமலில் இருக்கிறது, எந்தப் பராமரிப்பு யாருடையது என்று அதன் அட்டவணை பிரித்திருக்கிறது. பூட்டு, கைப்பிடி, ஜன்னல் கண்ணாடி, கொசுவலை மாதிரி சின்னச் சாமான்கள் குடியிருப்பவர் பக்கம். கதவு ஜன்னலுக்குப் பெயின்ட் அடிப்பதும், குடியிருப்பவர் சேதப்படுத்தாத கட்டடப் பழுதுகளும் உரிமையாளர் பக்கம். ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தால் அதுதான் செல்லும், எனவே முதலில் அதை எடுத்துப் படியுங்கள். கதவை இப்போதே தேதியோடு படம் எடுத்து ஓனருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள், காலி செய்யும்போது அட்வான்ஸில் பிடிக்க வந்தால் கையில் ஆதாரம் இருக்கும். பாதிப் பாதி போட்டுக்கொள்ளலாம் என்று அவர் இறங்கி வந்தால் பேசி முடித்துவிடுங்கள், ஒரு பிவிசி கதவுக்காக வழக்கு நடத்துவது கட்டுப்படியாகாது.