அவையஞ்சாமைக்கு முந்தைய அதிகாரம்

கேள்வி: என் மகள் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறாள். பேச்சுப் போட்டிகளில் மாவட்ட அளவில் பரிசு வாங்குகிறவள். என் கணவர் கைலித் தறி வைத்திருக்கிறார். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு முதலீட்டுத் திட்டத்தில் இரண்டு லட்சம் கட்டி ஏமாந்தார். ‘பத்தாயிரம் போடுங்க, பத்து மாசம் பொறுங்க, பத்திரமா வீடு சேரும்’ என்று விபூதி பூசிக்கொண்டு வந்தவன் பேசியது இன்னும் எனக்கு மனப்பாடம். அதிலிருந்து பேச்சு என்றாலே இவருக்கு ஆகாது. போன மாதம் என் நாத்தனார் வீட்டு வளைகாப்பில் மகளைப் பார்த்து, ‘வாய் வித்தை சோறு போடாது’ என்றார். அவள் சட்டென்று, ‘வாய் வித்தைக்குத்தானேப்பா ரெண்டு லட்சம் போட்டீங்க’ என்றாள். பந்தியே சிரித்துவிட்டது. மூன்று வாரமாக அப்பாவும் மகளும் பேசிக்கொள்வதில்லை. இனி அவளைப் போட்டிகளுக்கு அனுப்புவதை நிறுத்திவிடலாமா?
— ஒரு வாசகி, குடியாத்தம்

பதில்:

அன்புள்ள சகோதரி,

நிறுத்த வேண்டாம். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மீதிப் பதில் கொஞ்சம் சுற்றிப் போகும்.

கடிதத்தைப் படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது, மறைப்பானேன். அப்பா எறிந்த சொல்லையே கையில் பிடித்துத் திருப்பி எறிந்திருக்கிறாள். முப்பது வருடம் தமிழ் வகுப்பு எடுத்தவள் நான்; இது சொல்லிக்கொடுத்து வருகிற சாமர்த்தியம் இல்லை. அப்புறம், சோற்றில் கை வைத்தபடி இலை முன்னால் உட்கார்ந்திருந்த உங்கள் கணவரை நினைத்தேன். சிரிப்பு போய்விட்டது.

அவருடைய சந்தேகம் ரொம்பப் பழையது. சுமார் 2,400 வருடங்களுக்கு முன் ஏதென்ஸ் நகரத்தில் காசு வாங்கிக்கொண்டு பேசக் கற்றுக்கொடுப்பவர்கள் இருந்தார்கள். அங்கே அவரவர் வழக்கை அவரவரே மன்றத்தில் பேச வேண்டும், ஆகவே அவர்களுக்கு நல்ல கிராக்கி. பிளேட்டோவுக்கு அவர்களைக் கண்டால் ஆகாது. சாக்ரடீஸ் சொல்வதாக அவர் ஓர் உவமை எழுதினார். ஒரு வைத்தியர் மேல் சமையல்காரன் வழக்குப் போடுகிறான், தீர்ப்புச் சொல்பவர்கள் சின்னப் பிள்ளைகள். ‘இவர் உங்களுக்குக் கசப்பு கொடுத்தார், கத்தி வைத்தார், பட்டினி போட்டார், நான் தின்பண்டம் கொடுத்தேன்’ என்றால் யார் ஜெயிப்பார்கள்? பேச்சுக்கலை அந்தச் சமையல்காரனின் கைவேலைதான் என்பது அவர் கட்சி. உங்கள் கணவரிடம் இதைச் சொல்லுங்கள். தன் பக்கம் பெரிய ஆள் இருப்பது தெரிந்தால் மனசு கொஞ்சம் இளகும்.

பிளேட்டோவிடம் படித்த அரிஸ்டாட்டில் ஒரேயடியாகத் தள்ளவில்லை. உடல் பலமும் பணமும்கூடக் கெட்டவன் கையில் கெடுதல் செய்யும், அதற்காக அவை வேண்டாம் என்போமா என்று நினைத்தவர் அவர். ஒரு பேச்சை நாம் நம்புவது மூன்று காரணங்களால் என்று பிரித்துக் காட்டினார்: பேசுகிறவர் மேல் வரும் மதிப்பு, கேட்கிறவர் மனசு அப்போது இருக்கும் நிலை, சொல்லப்படும் நியாயம். உங்கள் வீட்டுக்கு வந்தவனை இதில் வைத்துப் பாருங்கள். நெற்றி நிறைய விபூதி, அது முதலாவது. பெண்ணைப் பெற்றவரிடம் ‘வீடு சேரும்’ என்றது இரண்டாவது. மூன்றாவது எங்கே? எந்தத் தொழிலில் போட்டுப் பணத்தைப் பெருக்குவான் என்று ஒரு வரி சொன்னானா? நியாயம் இருக்க வேண்டிய இடத்தில் மோனையை வைத்து அடைத்திருக்கிறான். பத்தாயிரம், பத்து மாசம், பத்திரம்.

ஓசைக்கு அந்த வலு உண்டு. எங்கள் வேலூரைப் பற்றி ஒரு கேலி ஊரெல்லாம் சொல்வார்கள்: ராஜா இல்லாத கோட்டை, தண்ணீர் இல்லாத ஆறு, சாமி இல்லாத கோயில். கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேஸ்வரர் கோயிலில் 1981இல் லிங்கத்தைப் பிரதிஷ்டை செய்து, தினமும் பூஜை நடக்கிறது. பாலாற்றிலும் சில வருடம் வெள்ளம் வருகிறது. கேலி மட்டும் அப்படியே இருக்கிறது. மூன்று தட்டு தட்டி நிற்கிற வாக்கியத்தை யாராலும் பாதியில் விட முடியவில்லை, அவ்வளவுதான். உங்கள் கணவர் ஏமாந்ததற்கு அவரை முட்டாள் என்று நினைக்காதீர்கள். அவரும் நினைக்க வேண்டாம்.

இனி மகள். அவள் சொன்னதில் பொய் இல்லை, சொன்ன இடம்தான் பிசகு. வள்ளுவர் அவையஞ்சாமை என்று 73ஆவது அதிகாரம் வைத்தார். போட்டிக்குப் போகிற பிள்ளைகள் அதை நெட்டுருப் போடுவார்கள். அதற்கு முந்தைய 72ஆவது அதிகாரம் அவையறிதல். எதிரே இருப்பவர் யார், எந்த நேரம், இந்தச் சொல்லை இந்தக் கூட்டம் எப்படி எடுத்துக்கொள்ளும் என்பதெல்லாம் அதில்தான் வருகிறது. உங்கள் மகள் ஒரு அதிகாரத்தைத் தாண்டிப் போய்விட்டாள்.

குத்தலே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஔவையாரைவிடக் கெட்டிக்காரத்தனமாகக் குத்தியவர் யார்? நமக்குப் பக்கத்திலேயே, காஞ்சித் தொண்டைமானிடம் அதியமானுக்காகத் தூது போனார். தொண்டைமான் தன் ஆயுதங்களைக் காட்டினான். புறநானூற்றில் 95ஆவது பாட்டு. இங்கே உள்ளவை மயிற்பீலி அணிந்து, மாலை சூட்டி, நெய் பூசி, காவலுள்ள பெரிய மனையில் இருக்கின்றன. அங்கே உள்ளவையோ பகைவரைக் குத்தி நுனி முறிந்து கொல்லன் கொட்டிலில் கிடக்கின்றன என்றார். ‘நீ போருக்கே போகாதவன்’ என்ற வார்த்தை பாட்டில் எங்கும் கிடையாது. அந்தக் கடைசி அடியைத் தொண்டைமானே மனசுக்குள் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். பக்கத்தில் நிற்கிற சேவகனுக்கு அது புகழ்ச்சியாகவே கேட்டிருக்கலாம். வஞ்சப்புகழ்ச்சி என்று இலக்கணத்தில் பேர் வைத்து, நாங்களும் ரெண்டு மார்க் கேள்வியாக்கிவிட்டோம். குத்துப்பட்டவன் முகத்தை எடுத்துக்கொண்டு வெளியே நடக்க ஒரு வழி விட்டுவைத்திருக்கிறார் கிழவி. பந்தியில் உங்கள் கணவருக்கு அந்த வழி இல்லை.

போட்டியைப் பற்றியும் ஒன்று. அவள் பேசும் உரையை யார் எழுதித் தருகிறார்கள்? பெரும்பாலும் ஆசிரியர்தான். நானும் எழுதிக் கொடுத்திருக்கிறேன், அந்தப் பாவத்தில் எனக்கும் பங்குண்டு. கைவீச்சு வரைக்கும் சொல்லிக்கொடுப்போம். அந்தப் பிள்ளை நடுவர்களின் தலைக்கு மேலே சுவரைப் பார்த்துப் பேசிவிட்டு இறங்கும். காட்பாடிப் பக்கம் காங்கேயநல்லூரில் 1906இல் பிறந்த கிருபானந்த வாரியாரின் பேச்சுப் பதிவுகளை அவளைக் கேட்கச் சொல்லுங்கள். பக்திக்காகக் கேட்டாலும் சரி, கேட்காவிட்டாலும் சரி. முன்வரிசைச் சின்னப் பிள்ளைகளிடம் கேள்வி கேட்டு, வந்த பதிலை வைத்துக்கொண்டே கதையை நகர்த்துவார். எதிரே யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது பேச்சுக்குள்ளேயே தெரியும்.

அதைவிட நல்ல பள்ளிக்கூடம் உங்கள் ஊர்ப்பக்கமே இருக்கிறது. திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் வைக்கும்போது, பகலில் பிரசங்கம், ராத்திரியில் கூத்து. துகிலுரிதல் நடக்கும் ராத்திரிக்கு அப்பாவையும் மகளையும் ஒரே பாயில் உட்காரவையுங்கள். நான் சின்ன வயசில் பார்த்தது இன்னும் நினைவிருக்கிறது. பாஞ்சாலி வேஷம் கட்டியவர் எங்கள் தெருவில் மூட்டை தூக்குகிறவர்தான். சபைக்கு வா என்று அழைக்க வந்தவனிடம் அவர் கேட்டார்: ‘போய்க் கேட்டு வா. என் புருஷன் முதலில் தோற்றது தன்னையா, என்னையா?’ பின்பாட்டுக்காரர்கள் அதையே வாங்கிப் பாடினார்கள். தன்னைத் தோற்றவன் அடிமை. அடிமைக்கு இன்னொருத்தியைப் பணயம் வைக்க ஏது உரிமை? ஒற்றைக் கேள்வியில் சபை முழுக்க மாட்டிக்கொண்டது. தர்மம் ரொம்ப நுட்பமானது என்று பீஷ்மர் மழுப்பினார். கௌரவர்களில் விகர்ணன் ஒருவன்தான் அவள் பக்கம் பேசினான். துச்சாதனன் வேஷக்காரர் புடவையில் கை வைக்கும் முன் கற்பூரம் ஏற்றிக் கும்பிட்டுக்கொண்டார். அதுவரை குறுக்கே குறுக்கே பேசிச் சிரிக்கவைத்த கட்டியக்காரனும் வாயைத் திறக்கவில்லை. என் பாட்டி வெற்றிலையை மெல்லாமல் கன்னத்தில் அடக்கிவைத்திருந்தாள்.

அவ்வளவு சரியான கேள்விக்கும் அந்தச் சபையில் பதில் வரவில்லை, பார்த்தீர்களா? பேசினால் ஜெயித்துவிடலாம் என்று பழகிய பிள்ளை அதைப் பார்க்க வேண்டும்.

கூத்து அதன் காலத்தில்தான் வரும். அதற்கு முன் ஒரு காரியம் இருக்கிறது. ஏமாந்த பணத்துக்கு முறையாக எழுத்தில் புகார் கொடுத்ததாக உங்கள் கடிதத்தில் இல்லை. கொடுக்கவில்லை என்றே எடுத்துக்கொள்கிறேன். அவமானத்தில் நிறைய பேர் கொடுப்பதில்லை. அந்த மனுவை உங்கள் மகள் எழுதட்டும். எழுத வேண்டுமென்றால் அப்பாவைக் கேட்டாக வேண்டும்: எந்தத் தேதி, எவ்வளவு, யார் முன்னால், ரசீது எது, அவன் என்ன சொன்னான். நடுவில் அவள் வாய் திறக்கக் கூடாது. அவர் சொல்லி முடிக்க ஒரு சாயங்காலம் ஆகலாம், தறிச் சத்தம் நின்ற பிறகு உட்காருங்கள். மன்னிப்பு கேள் என்று நீங்கள் இடையில் புகுந்து சொல்லாதீர்கள். கேட்பதாயிருந்தால் அவளே கேட்பாள்.

மனுவில் குறள் வேண்டாம், அடுக்குமொழி வேண்டாம். நடந்தது, தேதி வாரியாக. கேட்பது என்ன, கடைசியில் இரண்டு வரி. ஒரு பக்கத்துக்கு மேல் போகவேண்டாம். அவள் எழுதியதை அப்பா முழுக்கப் படித்துப் பார்த்த பிறகு கையெழுத்துப் போடட்டும். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் குறைதீர் கூட்டம் நடக்கும், மூன்று பேரும் போய்க் கொடுங்கள். ரசீதுகளின் அசலைக் கொடுத்துவிடாதீர்கள், ஜெராக்ஸ் போதும்.